இருப்புப்பாதை வேகமான சாலை அல்ல (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

1941இல் ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்ததை வைத்து ஒரு அறுகோணக் கட்டப் போர் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பிரெஸ்ட் முதல் மாஸ்கோ வரை, நடுப் படைத்தொகுதி (ஜெர்மனியின் மூன்று படைத்தொகுதிகளில் நடுவில் இருந்தது) மட்டும். ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 16 கிலோமீட்டர், ஒரு டர்ன் (ஆட்ட முறை) ஒரு வாரம். சாலையைக் கட்டத்தின் நடுவழியாக வரைந்தால் கோணல்மாணலாகப் போகிறது. விளிம்பில் வரைந்தால் யார் எந்தச் சாலையில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. எது சரி? ஒரு ஹெக்ஸைக் கடக்க வெட்டவெளிக்கு 1 நகர்வுப் புள்ளி, சாலைக்கு அரை, ரயிலுக்குக் கால் என்று வைத்திருக்கிறேன். ஹெக்ஸுக்கு 2 புள்ளி கொடுத்தால் யாரும் புது ரயில்பாதை போட்டுக்கொள்ளலாம். கேஜ் (தண்டவாள இடைவெளி) வித்தியாசத்தை விட்டுவிட்டேன், ஆட்டம் சிக்கலாகிறது. சாலைக்கு என்ன நிறம் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். வரைபடமும் விதித்தாளும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

வரைபடத்தைப் பெரிதாக்கி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்தேன். பரனோவிச்சி, ஒர்ஷா, வியாஸ்மா எதையும் நீங்கள் விடவில்லை. விதித்தாளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தெளிவாக. இத்தனை உழைப்புக்கு நடுவே "ரயிலுக்குக் கால் புள்ளி" என்ற வரியைப் படித்தபோது கோபம்தான் வந்தது. போர் விளையாட்டில் ரயிலை எப்படிக் காட்டுவது என்று நானும் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் எதுவானாலும் சரி, அச்சில் நதியோடு குழம்பாமல் இருந்தால் போதும்.

சாலை நடுவழியாகத்தான் போக வேண்டும். நதி விளிம்பில் ஓடட்டும். சாலை நதியை வெட்டும் விளிம்புதான் பாலம். இந்த ஏற்பாட்டைக் குலைத்தால் பாலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்குத் தனி விதி எழுத வேண்டிவரும். கோணலுக்குக் காரணம் சாலை இல்லை, உங்கள் கட்டம். ஹெக்ஸ் வரிசைகளைக் கிழக்கு மேற்காக ஓடவிட்டிருக்கிறீர்கள். பிரெஸ்டிலிருந்து மாஸ்கோ கிழக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை வடக்கே சாய்ந்த திசை. ஹெக்ஸ் கட்டத்தில் வரிசைக்கு 30 பாகை விலகிய திசைதான் மிக மோசம், அங்கே தூரம் 15 சதவீதம் கூடிவிடும். நேர்கோட்டில் 62 ஹெக்ஸ் வர வேண்டிய தூரம் உங்கள் வரைபடத்தில் 71 ஆகியிருப்பது இதனால்தான். வரிசைகளை வடக்கு தெற்காகத் திருப்புங்கள். அப்போது இன்னொரு வரிசை 30 பாகைச் சாய்வில் மாஸ்கோவை நோக்கியே ஓடும், எண்ணிக்கை 65க்கு இறங்கும். கோணலும் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொன்று. இரண்டு சாலைகள் ஒரே ஹெக்ஸில் நுழைந்தால் படை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். சாலை எந்த விளிம்பைக் கடக்கிறதோ அந்த விளிம்பு வழியாகப் போனால்தான் சலுகை என்று எழுதுங்கள். இணையாகப் போகும் சாலைகளில் ஒன்றை அடுத்த ஹெக்ஸுக்குத் தள்ளிவிடுங்கள், 8 கிலோமீட்டர் பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை.

சாலைக்கு அரைப் புள்ளி சரிதான். ஆனால் சாலைக்கும் நீளம் உண்டு. ஒரு பன்சர் (டாங்கி) டிவிஷனில் 2,000க்கு மேற்பட்ட வண்டிகள். வண்டிக்கு வண்டி 50 மீட்டர் என்றாலே வரிசை 100 கிலோமீட்டர், உங்கள் வரைபடத்தில் 6 ஹெக்ஸ். தலை சண்டையில் இருக்கும்போது வால் ஆறு ஹெக்ஸ் பின்னால் நிற்கும். அதே சாலையில் காலாட்படையும் குதிரை வண்டிகளும் மணிக்கு 4, 5 கிலோமீட்டரில் போனால் மோட்டார் படை அவற்றின் முதுகைப் பார்த்தபடிதான் ஊர வேண்டும். ஒரே டர்னில் இரண்டும் ஒரே சாலை ஹெக்ஸைத் தொட்டால் மோட்டார் படைக்குச் சாலைச் சலுகை கிடையாது என்று ஒரே வரி போதும். அக்டோபர் சேறு வந்தால் மின்ஸ்க்–மாஸ்கோ நெடுஞ்சாலையைத் தவிர மற்ற சாலைகளின் சலுகையை முழுக்க எடுத்துவிடுங்கள்.

இனி ரயில். உங்கள் விதிப்படி 8 புள்ளியுள்ள ஒரு டிவிஷன் ஒரு வாரத்தில் 32 ஹெக்ஸ், அதாவது 500 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஒரு டிவிஷனுக்கு அது நியாயமான தூரம். ஆனால் அதே வாரத்தில், அதே பாதையில், பத்து டிவிஷனும் அப்படியே போகலாம், முன்னணிக்கு முழு சப்ளையும் கூடவே போகலாம் என்கிறது உங்கள் விதித்தாள். இது நடக்கவே முடியாது. ரயிலை நகர்வுப் புள்ளியால் அளக்கக் கூடாது. நாளுக்கு எத்தனை வண்டி என்பதால் அளக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சிங்கிள் லைன், அதாவது ஒரே தண்டவாள வழி. எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கி விலகும் கிராசிங் ஸ்டேஷன்களுக்கு இடையே 20 கிலோமீட்டர். போர்க்காலச் சரக்கு வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறது. ஒரு வண்டி அந்தத் துண்டைக் கடக்க ஒரு மணி நேரம், எதிரே வரும் வண்டி கடக்க இன்னொரு மணி நேரம். ஒரு ஜோடிக்கு 2 மணி. ஒரு நாளில் போக 12, வர 12. அவ்வளவுதான். காலி வண்டி திரும்பி வந்தால்தான் மறுபடி ஏற்ற முடியும். அதனால் வரும் 12ஐ நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகளைக் கூட்டினால் சில நாளில் முன்னணி ஸ்டேஷன் காலி வேகன்களால் அடைத்துக்கொள்ளும், பின்னால் ஏற்றுவதற்கு வேகன் இருக்காது.

இப்போது நடுவிலுள்ள ஒரு கிராசிங் ஸ்டேஷனின் லூப் லைனை (வண்டி ஒதுங்கும் பக்கப் பாதையை) எதிரி உடைத்துவிட்டான் என்று வையுங்கள். மெயின் லைன் முழுசாக இருக்கிறது, வண்டி ஓடுகிறது. ஆனால் துண்டின் நீளம் 40 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒரு ஜோடிக்கு 4 மணி, நாளுக்கு 6 வண்டி. 300 கிலோமீட்டர்ப் பாதையில் ஒரே ஒரு ஸ்டேஷன் போனதில் முழுப் பாதையில் ஓடும் வண்டிகளின் அளவும் பாதியாகிவிட்டது. பாதையின் அளவைத் தீர்மானிப்பது அதன் மிக நீண்ட துண்டுதான். 1904இல் ஜப்பானோடு போர் மூண்டபோது சைபீரியப் பாதையில் பைக்கால் ஏரியைச் சுற்றும் பகுதி முடிந்திருக்கவில்லை. குளிர்காலத்தில் ஏரியின் பனிமேல் தண்டவாளம் போட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை அந்த ஓர் இடைவெளிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. உங்கள் வரைபடத்தில் அப்படி ஓர் இடைவெளியை வரையவே வழியில்லை, எல்லா ரயில் ஹெக்ஸும் ஒன்றுபோலவே இருக்கிறது. இரட்டை வழிப்பாதையில் எதிர்வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், ஆகவே அளவு இரு மடங்கோடு நிற்காது, மூன்று நான்கு மடங்கு போகும். இந்த வித்தியாசத்தையும் நீங்கள் காட்டவில்லை.

12 வண்டி என்றால் எவ்வளவு? ஜெர்மானிய சப்ளை வண்டிக்கு 450 டன். மூன்று வண்டியை ரயில்வே தனக்கே எடுத்துக்கொள்ளும், நிலக்கரிக்கும் தண்டவாளத்துக்கும் பாலச் சாமானுக்கும். மீதி 9 வண்டி, 4,050 டன். தாக்குதல் நாளில் ஒரு பன்சர் டிவிஷனுக்கு 300 டன் என்று வைத்தால் பதின்மூன்று டிவிஷனுக்குப் போதும். படையை ரயிலில் நகர்த்துவதும் இதே கணக்கிலிருந்துதான் கழிய வேண்டும். 1914இல் ஒரு ஜெர்மானிய கோர்ப்ஸை (இரண்டு டிவிஷன் கொண்ட படை) ஏற்றிப் போக 140 வண்டி பிடித்தது. உங்கள் சிங்கிள் லைனில் 140 வண்டி என்றால் ஏறக்குறைய 12 நாள், அந்த 12 நாளும் முன்னணிக்கு ஒரு மூட்டைகூடப் போகாது. படையைக் கொண்டுவருவதா, ஏற்கெனவே சண்டையில் இருக்கும் படைக்குச் சோறும் குண்டும் அனுப்புவதா என்று ஒவ்வொரு வாரமும் ஆட்டக்காரர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பைக் கால் புள்ளி விதி அழித்துவிடுகிறது.

சப்ளையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடதரப்புத் தளபதி ஷெர்மன் சொன்ன கணக்கைப் பாருங்கள். 1864இல் அட்லாண்டா போர்முனைக்கு லூயிவில்லிலிருந்து 473 மைல் நீளத்துக்கு ஒரே ஒரு சிங்கிள் லைன். அது 1,00,000 பேரையும் 35,000 விலங்குகளையும் 196 நாள் காப்பாற்றியது. இதையே ரயிலில்லாமல் சாலை வண்டிகளால் செய்ய, வண்டிக்கு ஆறு கோவேறு கழுதை, 2 டன் சுமை, நாளுக்கு 20 மைல் என்று வைத்தாலும் 36,800 வண்டி வேண்டும் என்று எழுதினார். அவற்றுக்கான சாலை அந்தப் பகுதியில் இருந்ததில்லை. கழுதைக்கும் தீனி வேண்டும். விலங்குக்கு நாளுக்கு 10 கிலோ என்றால் ஆறுக்கும் 60 கிலோ. 10 நாள் போய் 10 நாள் திரும்பினால் 1,200 கிலோ, ஏற்றிய சுமையில் பாதிக்கு மேல்.

தண்டவாளத்தைப் பிடுங்கும் உங்கள் குதிரைப்படை விதியையும் அதே ஷெர்மனை வைத்துத் திருத்துங்கள். 1864 ஆகஸ்டில் அவருடைய குதிரைப்படை அட்லாண்டாவின் தெற்குப் பாதையை உடைத்துவிட்டு, பல நாளைக்கு வண்டி வராது என்று வந்து சொன்னது. ஓரிரு நாளில் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. கடைசியில் அவர் படையின் பெரும்பகுதியையே நகர்த்திப் பாதைமேல் உட்கார வைத்தார், செப்டம்பர் 2 அன்று நகரம் விழுந்தது. அந்தப் போரில் பாலங்களைக்கூட மலைக்கவைக்கும் வேகத்தில் கட்டினார்கள். சட்டஹூச்சி ஆற்றின் 780 அடி நீளப் பாலம் நாலரை நாளில் எழுந்தது. ஒரு வார டர்னில் வெறும் தண்டவாள உடைப்பு தன்னால் சரியாகிவிடட்டும். பாலமும் ஸ்டேஷனும் மட்டும் எண்ணிக்கையில் வரட்டும்.

கேஜை விட்டுவிட்டேன் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! இந்தப் போர்முனையில் அதை விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சோவியத் கேஜ் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் கேஜ் 1,435. வித்தியாசம் 89. மரக் கட்டைமேல் ஆணியடித்த தண்டவாளம் என்பதால் ஒரு பக்கத்து ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தை 89 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மறுபடி அடித்தால் போதும். இது வேகமாக நடக்கிற வேலைதான். ஸ்டேஷனுக்குள் போனால்தான் சிக்கல். பாயிண்ட்ஸ் (வண்டியைப் பாதை மாற்றும் அமைப்பு) ஒவ்வொன்றையும் கழற்றி வேறு அளவில் கட்ட வேண்டும். சோவியத் இன்ஜினின் டெண்டர் (தண்ணீரும் கரியும் சுமக்கும் பெட்டி) பெரியது, ஆகவே தண்ணீர் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. ஜெர்மன் இன்ஜின் அடுத்த தண்ணீருக்குப் போய்ச் சேராது, நடுவே புதிதாகத் தொட்டி கட்ட வேண்டும். குளிர்காலம் வந்ததும் வெளியே ஓடிய குழாய்கள் உறைந்து இன்ஜின்கள் வரிசையாகப் படுத்தன. மாற்றாத பாதையில் சோவியத் வண்டிகளை வைத்தே ஓட்டலாமே என்றால், பின்வாங்கியவர்கள் பெரும்பாலானவற்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்குச் சிக்கலான விதி வேண்டாம். ரயில் பழுதுபார்க்கும் கவுண்டர் (ஆட்டக்காய்) கடந்த ஹெக்ஸில் "திறந்தது" என்று ஒரு குறி, அதற்கு மூன்றில் ஒரு பங்கு வண்டி. அந்தக் கவுண்டர் அங்கேயே நின்று இன்னும் சில டர்ன் வேலை பார்த்தால் "முழுப்பாதை". முன்னே ஓடுவதா, பின்னே நின்று பாதையைத் தேற்றுவதா என்று ஜெர்மானிய ஆட்டக்காரர் முடிவு செய்யட்டும். முன்னே ஓடினால் ரயில்முனை (ரயில் போய்ச் சேரும் கடைசி இடம்) வரைபடத்தில் அழகாக நகரும், சரக்கு வராது.

ரயில்முனைக்கு அப்பால் லாரி. முழு முன்னணிக்கும் சேர்த்து ஜெர்மானிய நெடுந்தூர லாரிகளின் கொள்ளளவு 60,000 டன் அளவில்தான். ஏற்றி, போய், இறக்கி, திரும்ப 6 நாள் ஆனால் நாளுக்கு 10,000 டன். 12 நாள் ஆனால் 5,000. அதுவும் மூன்று படைத்தொகுதிக்கும் சேர்த்து, வழியில் உடையும் லாரிகளைக் கழிக்காமல். உங்கள் ஆட்டம் நடுப் படைத்தொகுதி மட்டும் என்பதால் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

புது ரயில்பாதைக்கு ஹெக்ஸுக்கு 2 புள்ளி என்பதை அடித்துவிடுங்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் 415 கிலோமீட்டர், உங்கள் அளவில் 26 ஹெக்ஸ். உங்கள் விதிப்படி 52 புள்ளியில் முடிந்துவிடும். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர 60 வாரத்துக்கு மேல் ஆனது. போர்க் கைதிகள் 60,000க்கு மேல், ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். செத்தவர்கள் லட்சத்தை ஒட்டியவர்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. போட்ட தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பிடுங்கி வந்தது. அத்தனை பேரை அப்படி வதைத்தும் ஒரு ஹெக்ஸுக்கு இரண்டு டர்னுக்கு மேல் பிடித்திருக்கிறது. தமிழில் விதித்தாள் எழுதுகிறவர் இதை ஒரு நிமிடமாவது நினைத்திருக்க வேண்டும். ஆறு மாத ஆட்டத்தில் புதுப்பாதை போட இடமே கிடையாது, இருக்கிற பாதையைத் தேற்றுவதற்கே ஆள் போதாது.

மனம் தளர வேண்டாம். வரைபடம் நன்றாக இருக்கிறது, திருத்த வேண்டியது விதித்தாளில் ஒரு பக்கம்தான். ஒவ்வொரு பாதைக்கும் மின்ஸ்க், ஒர்ஷா, ஸ்மோலென்ஸ்க் என்று சந்திப்புக்குச் சந்திப்பு ஒரு வண்டி எண் எழுதுங்கள். ஒர்ஷாவில் வீட்டெப்ஸ்க், மொகிலியோவ் பக்கமும் பாதை பிரிவதால் அங்கே தனிக் கவனம் வேண்டும். பிறகு யாரையாவது எதிரே உட்கார வைத்து ஜூன் 22இலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ஆடிப் பாருங்கள். ஸ்மோலென்ஸ்கைத் தாண்டியதும் பன்சர்கள் பெட்ரோலுக்கு நிற்கவில்லை என்றால் எண்கள் தாராளம். குறைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.