படிப்பை விட வேண்டாம், பாடங்களைக் குறைக்கட்டும்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

ஐந்து மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பகலில் வேலை, மாலையில் பகுதிநேரப் பட்டப்படிப்பு என்று உங்கள் மகள் அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், வேலையை விடச் சொல்வதா, படிப்பை விடச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற மனம் பதறுவது இயல்புதான். ஆயினும், பாதிக்கு மேல் கடந்துவிட்ட ஒரு படிப்பையும் கையில் இருக்கும் ஒரு வேலையையும் களைப்பு மிகுந்த ஒரு மாதத்தில் உதறிவிட்டால், பிறகு இரண்டையும் மீட்பது எளிதன்று. ஆகவே இரண்டில் எதையும் இப்போது விட வேண்டாம் என்றே சொல்வேன். மாற்ற வேண்டியது மகளின் நேரக் கணக்கை.

குழந்தை தூங்கும்போது அவள் படித்துக்கொள்ளலாம் என்றுதான் நீங்கள் எல்லாரும் நினைத்திருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் மூத்த பிள்ளைக்கு நான்கு மாதமாக இருந்தபோது மாலைநேரப் பட்டயப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். கூடத்தில் ஸ்பிரிங் மாட்டிய சாரோங் துணித் தொட்டில் தொங்கும். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே மடிக்கணினியில் விரிவுரையைப் பார்ப்பேன். கால் ஓய்ந்த மறுநிமிடம் சாரோங்குக்குள் உதைக்கும் கால்கள் தெரியும். விரிவுரையை நிறுத்திவிட்டு எழுவேன். ஒரே விரிவுரையின் முதல் 11 நிமிடங்களை அந்த வாரம் ஏழு முறை பார்த்தேன், அதற்கு மேல் போகவே முடியவில்லை. அந்தப் பாடத்தில் நான் தேறவில்லை. இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் பகல் தூக்கம் துண்டு துண்டாக வரும், எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் துண்டுகளில் தாய் குளிக்கலாம், சாப்பிடலாம், தானும் சற்றுக் கண்ணயரலாம். படிப்புக்கு அவை உதவா.

படிப்புக்கு வேண்டியது, குழந்தை அழுதாலும் எழுந்து போக வேண்டிய பொறுப்பு அவளுடையதாக இல்லாத இரண்டு மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை அது கிடைத்தால் ஒரு பாடத்தைத் தாங்கலாம். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கவும் கூடாது. நீங்கள் எவ்வளவு அன்போடு பார்த்துக்கொண்டாலும், அடைத்த கதவுக்கு அப்பால் பிள்ளையின் குரல் கேட்டால் தாயின் கவனம் புத்தகத்தில் நிற்காது. பால் கொடுத்துவிட்டு உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குப் போய், அடுத்த பால் வேளைக்குள் திரும்பிவிடலாம்.

வேலையை விட்டால் வீட்டுச் செலவுக் கணக்கும் மாறும். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, தாய் மாதத்துக்கு 56 மணி நேரமாவது வேலை செய்தால், முழுநாள் கைக்குழந்தைப் பராமரிப்புக்கு அரசின் அடிப்படை உதவித்தொகை மாதத்துக்கு 600 வெள்ளி. வேலை செய்யாத தாய்க்கு அது 150 வெள்ளி. 56 மணி நேரம் என்பது வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரந்தான். எனவே வேலையை அறவே விடுவதற்கு முன், நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டிக் குறிப்புகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முறையான விண்ணப்பத்துக்கு முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அவர் மறுக்கலாம், ஆனால் தொழில் சார்ந்த காரணம் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தாலும், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்தாக வேண்டும். இதைப் பலர் பட்ட பிறகே உணர்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, அவருக்கு வேலை அதிகம் என்று. அவருக்கு உரிய விடுப்பை எடுத்துவிட்டாரா? 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தகுதியுள்ள தந்தையர் பெறும் விடுப்பு நான்கு வாரம்; அதற்கு மேல் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு ஆறு வாரமாக இருந்து, 2026 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பத்து வாரமாக உயர்ந்துள்ளது. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் இவற்றை எடுத்துவிட வேண்டும், ஆனால் முதலாளி இசைந்தால் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். மகளின் தேர்வு வாரத்தில் அவர் விடுப்பில் இருப்பதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, விலகுவதும் ஒத்திவைப்பதும் ஒன்றல்ல. விலகிவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டி வரும். எனவே ஒரு பருவத்தை ஒத்திவைக்க இயலுமா, அதற்கு இறுதி நாள் எது, பட்டத்தை அதிகபட்சம் எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாமா என்று அவள் மாணவர் சேவை அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கவலை தருகிறது. குழந்தை தூங்கிய பிறகும் அவள் தூங்குவதில்லை, காரணமின்றி அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படி இருந்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்), பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். படிப்புப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வாரம் மகளையும் மாப்பிள்ளையையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். பாடப் பட்டியல், வேலை ஒப்பந்தம், மாப்பிள்ளையின் மீதி விடுப்புக் கணக்கு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். குழந்தையையும் கொண்டு வரலாம். நாங்கள் பேசும் நேரத்தில் நீங்கள் அதை வெளியே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.