மலிவான சாயப்பட்டறைக்குத் துணி கொடுக்கலாமா?

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டிருக்கிறார்: ஒரு சாயப்பட்டறை மற்றவர்களைவிடக் குறைந்த கூலி கேட்கிறது, கழிவுநீரை எங்கே விடுகிறார்கள் என்பது அவர்கள் பாடு, எனக்கென்ன?

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: உப்பு எங்கே போகிறது? பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயம் இழையில் ஏற உப்பு வேண்டும், அதுவும் கிலோ துணிக்கு நூற்றுக்கணக்கான கிராம். ஏறக்குறைய அத்தனையும் சாயத்தண்ணீரோடு வெளியேறிவிடும். முறையான பட்டறை அதை ஆர்.ஓ. வடிகட்டியில் செலுத்தி, மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைத்து உப்பைத் திரும்ப எடுக்கிறது. விறகும் மின்சாரமும் விழுங்கும் வேலை அது. கூலி கூடுவதே அதனால்தான். அந்தச் செலவு இல்லாமல் ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், அந்தச் செலவை நொய்யல் ஆற்றங்கரை விவசாயி உப்பேறிய தன் கிணற்றால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதை நாம் பார்த்தோம். விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒழுங்காக நடத்தியவர்களின் ஆர்டரும் அன்று முடங்கியது.

பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கி ஓடுகிறதா, மீட்ட உப்பு மூட்டையாக அடுக்கியிருக்கிறதா? காட்டத் தயங்கினால் துணியைக் கொடுக்காதீர்கள். கூடுதல் கூலியை விலையில் சேர்த்து, காரணத்தைச் சொல்லி வாங்குபவரிடம் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், அந்த ஆர்டர் போகும்.