முகாமுக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது. மகளுக்கு 9, நான்காம் தரம் படிக்கிறாள். கணவர் சொந்த வான் வண்டியில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹயர் ஓடுகிறார். ஓகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவில் ஏழு நாள் தங்கும் முகாம் ஒன்று நடக்கிறது, ஒரு பிள்ளைக்கு 45,000 ரூபாய். நகரத்துக்குள்ளேயே பத்து நாள் பகல் முகாமும் உண்டு. காலையில் நீச்சல், பிறகு சித்திரமும் ஆங்கிலமும், 14,000 ரூபாய். கையில் 60,000 சேமிப்பு இருக்கிறது. மீதிக்குச் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறேன், வங்கியில் வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்றார்கள். கனடாவில் இருக்கும் அக்கா ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை சமர் கேம்புக்கு விடுகிறார். என் பிள்ளைகள் போனும் கையுமாக இருக்கிறார்கள். எதற்கு அனுப்பலாம்?

பதில்: இந்த வருடம் பகல் முகாமுக்கே அனுப்புங்கள், இரண்டு பேரையும். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

நுவரெலியா முகாமுக்கு 90,000 என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது நோட்டீஸில் இருக்கும் விலை. கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் இரண்டு தடவை மலை ஏற வேண்டும். கணவர் தன் வானிலேயே போனால் டீசல் செலவோடு, நல்ல சீசனில் அந்த நாட்களின் ஹயரும் போய்விடும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் அது. திருகோணமலைப் பிள்ளைகளின் அலுமாரியில் ஸ்வெட்டர் எங்கே இருக்கப்போகிறது? சப்பாத்து, பை, கைச்செலவு எல்லாவற்றுக்கும் இன்னொரு 20,000 வையுங்கள். ஆக 110,000. உங்கள் 60,000 போக, 50,000க்கு அடகு.

அந்த 50,000க்கு மாதம் 500 ரூபாய் வட்டி. அடுத்த மே வரை வைத்திருந்தாலும் 4,500தான். தொகை சின்னதாகத் தெரிவதால்தான் மனம் துணிகிறது. எனக்கு வட்டியைப் பற்றிக் கவலை இல்லை, காலத்தைப் பற்றித்தான். உங்கள் வருமானம் மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக ஓடும். அதன் பிறகு வாடை தொடங்கி மழை பிடித்தால் நிலாவெளியில் ஹயர் குறைந்துவிடும். தீபாவளிச் செலவும், புதுக் கல்வியாண்டுக்கான கொப்பி, சப்பாத்துச் செலவும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. அடுத்த வருடம் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை, ரியூசன் காசும் சேரும். அந்த நேரம் பார்த்து வான் பழுதானால் எடுத்துக் கொடுக்கச் சேமிப்பும் இருக்காது, சங்கிலியும் இருக்காது. ஏழு நாள் முகாமுக்காக இரண்டையும் ஒன்றாகக் கரைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

பகல் முகாமுக்கு 28,000. நீச்சல் உடுப்பு, சாப்பாடு, ஓட்டோவுக்கு ஒரு 6,000. மொத்தம் 34,000. கையில் 26,000 மிஞ்சும், அதை மழைக்காலத்துக்கு வையுங்கள்.

மலிவு என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கக் கடல் அமைதியாக இருக்கும், பழகுவதற்கு ஓகஸ்ட் காலை நேரம் நல்லது. பத்து நாளில் முழு நீச்சல் வராது, ஆனால் தண்ணீரில் மிதக்கவும் பதறாமல் இருக்கவும் பழகிவிடலாம். மகனுக்கு நீச்சல், மகளுக்குச் சித்திரம் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள்!

காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு காலை நேரில் போய்ப் பாருங்கள். பழக்குவது கடலிலா தடாகத்திலா, உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர் யார், தண்ணீருக்குள் ஒருவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். நீந்தத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒருவர் மட்டும் பார்க்கிறார் என்றால் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காசு எவ்வளவு திரும்பும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மழுப்பினால், முகாமை விட்டுவிட்டு நல்ல பயிற்றுவிப்பாளரிடம் நீச்சல் வகுப்புக்கு மட்டும் கட்டலாம்.

அக்காவின் கதை வேறு. கனடாவில் ஜூலையும் ஓகஸ்டும் பள்ளிக்கூடம் பூட்டு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்குத்தான் அங்கே பலர் முகாமுக்கு அனுப்புகிறார்கள். பகல் முகாமுக்குக் கட்டும் காசைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் காட்டி, ஒரு வரம்புக்குள் வருமான வரியிலும் கழிக்கலாம். வைபரில் வரும் படங்களில் இதெல்லாம் தெரியாது.

வீட்டை விட்டு நாலு நாள் தனியாக இருந்து பழகட்டும் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான். மகனின் பாடசாலையில் சாரணர் குழு இருந்தால் முதலில் அதில் சேர்த்துவிடுங்கள். கூடாரத்தில் தூங்கவும் சமைக்கவும் சாரணர் முகாமில் பழகலாம், பெரும்பாலும் செலவும் குறைவு.

நுவரெலியாதான் ஆசை என்றால், இப்போதிருந்து ஒவ்வொரு ஹயருக்கும் 500 ரூபாயை வேறாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 110 ஹயரில் 55,000 சேரும், போக்குவரத்தோடு ஒரு பிள்ளைக்கு அது போதும். அடுத்த ஓகஸ்டுக்கு மகன் போகலாம், மகள் புலமைப்பரிசில் முடித்துவிட்டு அதற்கடுத்த வருடம் போகட்டும்.