மூன்று இரவுக்கு மோட்டார்ஹோம்: நாள் வாடகையோடு கணக்கு முடிவதில்லை

கேள்வி: குடும்பத்தில் நான்கு பேர். 300 கி.மீ. தள்ளி, மதில் சூழ்ந்த சின்னப் பழைய ஊர் ஒன்றுக்கு மோட்டார்ஹோமை (படுக்கை, சமையல் வசதியோடு உள்ளேயே தங்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், 3 இரவு தங்க நினைக்கிறோம். இரண்டு ஹோட்டல் அறைக்கு ஆவதைவிட நாள் வாடகை குறைவுதான். ஆனால் டெபாசிட் பெரிதாகக் கேட்கிறார்கள். அவசரகால நிதியிலிருந்து எடுத்துக் கட்டலாமா?

பதில்: அவசரகால நிதியைத் தொடாதீர்கள். டெபாசிட்டுக்கு வழி தேடும் முன், இந்தப் பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடலாம்.

வண்டியைத் தயார் செய்ய, பாத்திரம், படுக்கை விரிப்பு தர, சுத்தம் செய்ய என ஒருமுறைக் கட்டணங்கள் உண்டு. 3 இரவு போனாலும் 10 இரவு போனாலும் இவை பெரும்பாலும் மாறாது. உதாரணத்துக்கு, நாள் வாடகை 100, ஒருமுறைக் கட்டணம் 90 என்று வையுங்கள். 3 இரவுக்கு, ஓர் இரவின் தலையில் 30 ஏறுகிறது; 9 இரவானால் 10தான். நாள் கணக்கையும் கேளுங்கள். சில நிறுவனங்கள் காலண்டர் நாள்படி கணக்கிடும். அங்கே 3 இரவுக்கு 4 நாள் வாடகை. மதியத்துக்கு மேல்தான் வண்டி கைக்கு வரும், காலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்றால் முதல் நாளும் கடைசி நாளும் சாலையிலேயே போய்விடும்.

அடுத்தது எரிபொருள். பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் 100 கி.மீ.க்கு 25 லிட்டர் குடிப்பது சாதாரணம். போக வர 600 கி.மீ.க்கு 150 லிட்டர். 7 லிட்டர் குடிக்கும் காருக்கு அதே தூரம் 42 லிட்டர் போதும். சிறிய டீசல் வேன் என்றால் இந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கும். நாளுக்கு 150 கி.மீ.தான் இலவசம் என்றால், 3 நாள் கணக்கில் 150 கி.மீ. கூடுதல், அதற்குக் கிலோமீட்டர் வாரியாகக் கட்ட வேண்டும். வண்டியில் ஜெனரேட்டர் இருந்தால் அதற்கும் இதேபோல் மணிக்கணக்கில் கட்டணம் இருக்கலாம். கரன்ட் இணைப்பு இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டினால் பில்லில் தெரியும்.

நீங்கள் போவது பழைய ஊர் என்பதுதான் எனக்குப் பெரிய தயக்கம். மதில் வாசலும் சந்துகளும் இந்த அளவு வண்டிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பல மோட்டார்ஹோம்கள் 3 மீட்டரைத் தாண்டிய உயரம். கூரை ஏசியையும் சேர்த்த முழு உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் உடல்பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். நீங்கள் வலப்பக்கம் திருப்பப் பார்த்துக்கொண்டிருக்கையில், இடப்பக்கப் பின்மூலை சுவரில் உரசும். கூரை, அடிப்பாகம், வெயில்மறைப்பு ஆகிய மூன்றின் சேதத்தையும் பல இன்ஷூரன்ஸ்கள் ஏற்பதில்லை. பழைய ஊரில் எளிதில் அடிபடக்கூடியவையும் இவைதான். கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் காப்பீட்டை நம்பாதீர்கள், மோட்டார்ஹோம் அதில் பொதுவாக விலக்கு. இத்தாலி போன்ற நாடுகளில் பழைய நகர மையத்துக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் வரும்.

ஆக, வண்டியை ஊருக்கு வெளியே, இத்தகைய வண்டிகள் தங்கும் முகாமில்தான் நிறுத்துவீர்கள். அதற்கு இரவு வாடகை தனி. ஊருக்குள் போக ஒவ்வொரு முறையும் கரன்ட், தண்ணீர் இணைப்புகளைக் கழற்றிக் கிளம்புவது நடக்காத காரியம், டாக்ஸி பிடிப்பீர்கள். நாள் வாடகை கொடுத்த வண்டி அங்கே சும்மா நிற்கும். ஒரே ஊர், 3 இரவு என்றால் சின்னக் காரும் மதிலுக்கு வெளியே இரண்டு அறையும்தான் என் பரிந்துரை. ஒரு வாரத்துக்கு மேல், நாலைந்து ஊர், சமையலும் வண்டியிலேயே என்றால் மோட்டார்ஹோமுக்குக் கணக்கு சாதகமாகத் திரும்பலாம்.

பிள்ளைகளின் ஆசைக்காக எடுத்தே தீருவதென்றால், டெபாசிட்டை கிரெடிட் கார்டில் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். அப்போது வரம்பு மட்டும்தான் குறையும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். விடுபடச் சில நாள் முதல் சில வாரம்கூட ஆகலாம். கார்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால், டெபாசிட்டைக் குறைக்கும் கூடுதல் காப்பீட்டின் விலையைக் கேளுங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடன் வாங்காதீர்கள்.

வாடகை வண்டியைக் கையில் பெறும்போது கூரை விளிம்பு, கண்ணாடிக் கீறல், டயர், கிலோமீட்டர், ஜெனரேட்டர் மணி, எரிபொருள் முள் எல்லாவற்றையும் நேரத்தோடு படமெடுங்கள். கழிவறைத் தொட்டி உள்ள வண்டியானால் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்திருந்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் கெட்டியாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு, முகாமின் கழிவிறக்கும் இடத்தில் முதலில் கழிவறைத் தொட்டியையும், அடுத்துக் குளியல்-சமையல் கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்யுங்கள். அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். காலி செய்யாமல் வண்டியைத் திருப்பித் தந்தால் அந்தக் கட்டணம் டெபாசிட்டிலிருந்துதான் பிடிக்கப்படும்.