கேள்வி – பதில்: நூறு வரிக்குள் ஒரு கதை

கேள்வி: நான் எழுதிய சிறுகதை பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. ஆயிரம் சொற்களுக்குள் சுருக்கித் தந்தால் வெளியிடுவதாக ஓர் இதழாசிரியர் கூறுகிறார். சுருக்கினால் கதையின் உயிர் போய்விடாதா?
– ஒரு வாசகி, தென்காசி.

பதில்: வாக்கியத்துக்கு இரண்டு சொல் என்று கதை நெடுகக் கிள்ளி எடுத்தால் நிச்சயமாகப் போய்விடும், பெரும்பாலோர் அப்படித்தான் சுருக்குகிறார்கள். கதை உண்மையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டறிந்து, அதற்கு முன்னுள்ளதை முழுவதுமாக நீக்கிவிடுவதே நல்ல வழி.

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ், மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டே, கடனில் நொடித்துப்போன தந்தையின் குடும்பத்தைத் தாங்குவதற்காக நகைச்சுவை ஏடுகளுக்கு எழுதினார். அவற்றுள் ஒன்று பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த 'அஸ்கோல்கி' வார இதழ். கதை ஏறத்தாழ நூறு வரிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதில் அதன் ஆசிரியர் லேய்கின் கறாராக இருந்தார். 1883இல் அவ்விதழில் வந்த 'ஒரு குமாஸ்தாவின் மரணம்' கதையைப் பாருங்கள். அரங்கில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா தும்முகிறார். எச்சில் முன்னால் இருந்த உயர் அதிகாரியின் மேல் தெறிக்கிறது. அவர் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டாலும், இவர் மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டு, கடைசியில் விரட்டப்பட்டு, வீட்டுக்கு வந்து சீருடையைக் கூடக் கழற்றாமல் படுத்து இறந்துபோகிறார். அவருடைய இளமை எப்படிக் கழிந்தது, இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. கேட்ட மன்னிப்பையே திரும்பத் திரும்பக் கேட்பதில், வாழ்நாள் முழுவதும் அதிகாரத்துக்கு அஞ்சியே வாழ்ந்த ஒரு மனிதர் நமக்குத் தெரிந்துவிடுகிறார்.

கதையை எழுதி முடித்ததும் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும், எழுத்தாளர்கள் அதிகம் பொய் சொல்வது அங்கேதான் என்று செகாவ் தம்மிடம் கூறியதாக ருஷ்ய எழுத்தாளர் இவான் பூனின் எழுதியிருக்கிறார். முடிவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதல் மூன்று பக்கங்களை எடுத்து வைத்துவிட்டு, நான்காம் பக்கத்திலிருந்து வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் புரியாமல் நின்று கேட்கிறாரோ, அந்த விவரத்தை மட்டும் அந்த இடத்திலேயே ஒரு வரியில் சேர்த்தால் போதும். அப்படியும் ஆயிரம் சொற்களுக்குள் அடங்காவிட்டால், அது வேறோர் இதழுக்குரிய கதை. செகாவின் நெடுங்கதையான 'ஸ்டெப்பி'யை 1888இல் வெளியிட்டது ஒரு மாத இதழ்தான்.

கேள்வி: ஒரே இரவில் கதை எழுதி முடித்ததைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்களே?
– ஒரு வாசகர், காரைக்குடி.

பதில்: மறுநாள் காலையில் திரும்பப் படித்த பிறகும் பெருமைப்பட முடிந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச், திறமையை மதிக்கும்படியும் அவசர எழுத்தைக் கைவிடும்படியும் செகாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாளுக்கு மேல் உழைத்த கதை ஒன்றுகூடத் தமக்கு நினைவில் இல்லை என்று பதில் எழுதிய செகாவ், அதைக் குறையாகவே ஒப்புக்கொண்டார். ஓரிரு ஆண்டுகளில் அவர் எழுதும் கதைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொண்ட காலம் கூடியது.