பங்குனியில் தூண்டில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரங்கம்பாடிக் கரையில் விடியற்காலை கிழங்கான் மீன் நன்றாகக் கடிக்கிறது. பத்து மணிக்கு மேல் தூண்டில் வடக்கே இழுத்துக்கொண்டு போகிறது, மீனும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: காற்றும் நீரோட்டமும்தான் காரணம். மாசி, பங்குனியில் நம் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். காலையில் கரைக்காற்று லேசாக இருப்பதால் அது தெரியாது. வெயில் ஏறியதும் கடல்காற்று கிளம்பி, அலை மணலைக் கிளறிவிடும்.

தூண்டிலில் எடைக்குக் கட்டும் உருண்டை ஈயம் மணலில் உருளும். பட்டையாகவோ கூம்பாகவோ உள்ள ஈயத்துக்கு மாறுங்கள். 60 கிராம் நிற்காவிட்டால் 90 போடுங்கள். 0.45 மி.மீ. தங்கூசியில் (நைலான் தூண்டில் நரம்பு) நீர் அதிகம் பிடிக்கும், 0.30 போதும். ஆனால் முனையில் 0.60 தங்கூசியை, தூண்டில் கம்பின் நீளத்தைப்போல் இரு மடங்குக்குக் கட்டாயம் கட்டுங்கள். இல்லாவிட்டால் வீசும்போது அறுந்து ஈயம் பறக்கும். கரையில் வலை உலர்த்துபவர்கள் இருப்பார்கள். நேரே வீசாமல் தெற்கே சாய்த்து வீசுங்கள்.

தூரம் வீசவே வேண்டாம். அலை வெள்ளையாக உடையும் இடம் மணல்திட்டு. அதற்கும் கரைக்கும் இடையே அலை உடையாமல் கருத்துத் தெரியும் பள்ளத்தில்தான் கிழங்கான் மேயும். வாய் சிறியது, 8ஆம் எண் முள் போதும். தோலுரித்த இறாலில் 2 செ.மீ. துண்டு. பிளாஸ்டிக் இரையில் பணத்தைக் கொட்டாதீர்கள், கலங்கல் நீரில் வாசனைதான் மீனை அழைக்கும்.

கேள்வி: பழையாறு பக்கம், கொள்ளிட முகத்துவாரத்தில் வள்ளத்திலிருந்து கொடுவா மீன் பிடிக்க ஆசை. இரைக்கு வைக்கும் உயிர் இறால் செத்துவிடுகிறது.

பதில்: மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும். பிறகு ஆற்றுநீர் குறைந்து உப்புநீர் உள்ளே ஏறும். கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் குறுகிய முகத்துவாரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் வற்றத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம் வளைவுகளிலும் பழைய கம்பங்களின் அருகிலும் போடுங்கள்.

இறாலைக் கொல்வது வெப்பமும் நெரிசலும். 20 லிட்டர் வாளியில் 15க்கு மேல் விடாதீர்கள். பேட்டரி காற்றுக்குழாய் ஓடட்டும், மேலே ஈரச்சாக்கு. பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் நன்னீர் கலந்து உப்பு குறையும். மூடிய பாட்டிலில் உறைந்த நீரை மிதக்க விடுங்கள். முள்ளைத் தலைக்கொம்பின் அடியில், தலைக்குள் தெரியும் கரும்புள்ளிக்கு முன்னால் குத்துங்கள். புள்ளியில் பட்டால் உடனே சாகும். கொடுவாவின் செவுள்மூடி கத்தி போன்றது. முனைத் தங்கூசி 0.70 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

நங்கூரத்தை எப்போதும் அணியத்திலிருந்து (வள்ளத்தின் முன்பக்கம்) விடுங்கள். அமரத்தில் (பின்பக்கம்) கட்டினால் நீர் உள்ளே புகும். இன்னொன்று மிக முக்கியம்: வெளியே ஓடும் வற்றுநீரும் எதிரே வரும் கடல்காற்றும் மோதும்போது முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். சிறு வள்ளம் கவிழ்வது அங்கேதான். காற்று எழுமுன் திரும்பிவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

கேள்வி: தடைக்காலத்தில் நாகையில் கரைத்தூண்டில் போடலாமா?

பதில்: போடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுக்கும் கரைத்தூண்டிலுக்கும் பொருந்தாது. கோடியக்கரை சரணாலயத்துக்குள் மட்டும் வனத்துறையிடம் கேட்காமல் தூண்டில் எடுக்காதீர்கள்.