‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ எங்கே தவறுகிறது?

கேள்வி: வங்கி வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகி வருகிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் வொர்க்கிங் இன் எ டெக்ஸ்டைல் ஷாப்’ என்று எழுதி வைத்திருந்தேன். முதலாவது தவறு, இரண்டாவது ‘ஒருவகையில் சரி’ என்கிறார் தோழி. இப்போது நடப்பதற்கு ‘இங்’, வழக்கமாக நடப்பதற்கு ‘இங்’ இல்லை என்றுதானே பள்ளியில் படித்தோம்? தம்பிகள் இப்போதும் இருக்கிறார்களே! – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தோழி சொன்னது சரி. பள்ளியில் படித்த விதியும் தவறில்லை, ஆனால் பாதி விதி. ‘இப்போது’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் நவ்’ என்பதைக்கூட ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங் நவ்’ என்று எழுதத் தோன்றும். ஆங்கிலம் நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வினை ஒரு செயலா, ஒரு நிலையா என்றும் பார்க்கிறது. ‘இங்’ சேர வேண்டுமானால், தொடங்கி நடந்து முடியக்கூடிய செயலாக அது இருக்க வேண்டும். தம்பிகள் இருப்பது செயல் அல்ல. அதனால் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’.

நிலையைக் கண்டுபிடிக்கத் தமிழே ஒரு வழி தருகிறது. வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறதா, ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரியும் – ஐ நோ. எனக்குப் பிடிக்கும் – ஐ லைக். எனக்கு வேண்டும் – ஐ வான்ட். எனக்குப் புரிகிறது, எனக்கு நினைவிருக்கிறது, என்னிடம் பணம் இருக்கிறது: இவை எதற்கும் ஆங்கிலத்தில் பொதுவாக ‘இங்’ வராது. இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு அல்ல. ‘நம்புகிறேன்’, ‘ஒத்துக்கொள்கிறேன்’ இரண்டும் ‘நான்’ என்று தொடங்கினாலும் ‘ஐ பிலீவ்’, ‘ஐ அக்ரீ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘எனக்குக் கால் வலிக்கிறது’ என்பதற்கு ‘மை லெக் ஹர்ட்ஸ்’, ‘மை லெக் இஸ் ஹர்ட்டிங்’ இரண்டுமே சரி. ஆனாலும் நேர்காணலில் வரக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவை இந்தச் சல்லடையில் சிக்கிவிடும்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ உடைமையைச் சொல்லவில்லை, சாப்பிடுவதைச் சொல்கிறது. ‘ஐ திங்க் இட் இஸ் குட்’ என்பது கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்’ என்றால் யோசனை இன்னும் ஓடுகிறது. மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் ‘ஐ ஆம் லவிங் இட்’ வருகிறதே என்பீர்கள். வழக்கமாக ‘இங்’ ஏற்காத சொல்லில் அதை வேண்டுமென்றே சேர்த்து, ‘இந்த நிமிடம் ரசிக்கிறேன்’ என்ற தொனியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு அது முன்மாதிரி ஆகாது.

அடுத்து ஜவுளிக்கடை. பேச்சில் ‘கடையில வேலை பார்த்துட்டிருக்கேன்’ என்று சொல்லிப் பழகியதால்தான் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ தானாக வருகிறது. இது இலக்கணப் பிழை அல்ல, பொருள்தான் மாறுகிறது. ‘ஐ வொர்க் இன் எ டெக்ஸ்டைல் ஷாப்’ என்றால் அதுதான் உங்கள் வேலை. ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்றால் தற்காலிகமாக, வேறு வேலை கிடைக்கும்வரை என்ற சாயல் விழும். உண்மையில் அப்படித்தான் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ‘ஐ ஆம் ப்ரிப்பேரிங் ஃபார் பேங்க் எக்ஸாம்ஸ்’ என்பதும் இதே வகை. அதைச் சொல்லும் நொடியில் கையில் புத்தகம் இருக்க வேண்டியதில்லை; சில மாதங்களாக நடந்து, ஒருநாள் முடியப்போகிற செயல் அது.

கேள்வியைக் கவனித்துக் கேளுங்கள். ‘வாட் டூ யூ டூ?’ என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ‘வேர் டூ யூ கம் ஃப்ரம்?’ சொந்த ஊரைக் கேட்பது. ‘வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?’ இப்போது எங்கிருந்து கிளம்பி வருகிறீர்கள் என்று கேட்பது. தமிழில் இரண்டுக்குமே ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’ போதும் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

வழக்கத்தைச் சொல்லும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. ‘தினமும் ஆறு மணிக்கு எழுவேன்’ என்று தமிழில் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ வில் கெட் அப்’ என்று கொண்டுபோகாதீர்கள். ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்’. ‘ரயில் 7 மணிக்குப் புறப்படும்’ என்பதும் அப்படித்தான்: ‘த டிரெயின் லீவ்ஸ் அட் செவன்’.

எந்த ஆண்டிலிருந்து என்று சேர்த்துச் சொன்னால் இரண்டு வடிவமும் உதவாது. ‘2021 முதல் வேலை செய்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’ என்றோ ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2021’ என்றோ சொல்ல வேண்டும்.

எழுதி வைத்த அறிமுகத்தை எடுத்து, ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்பவற்றை அடுத்து ‘இங்’ வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் இது செயலா, தற்காலிகமாக நடப்பதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் ‘இங்’கை எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு ‘ஸ்’ஸையும் சரிபாருங்கள்: ‘மை பிரதர் இஸ் வொர்க்கிங்’ என்பதைத் திருத்துகிறவர்கள் ‘மை பிரதர் வொர்க்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். ‘வொர்க்ஸ்’ என்று வர வேண்டும். ஆனால் கேள்வியில் ‘டஸ்’ வந்துவிட்டால் அந்த ‘ஸ்’ வினையில் வராது: ‘டஸ் ஹி வொர்க்?’